நினைவு மலரின் ஆங்கிலப் பக்கம்

பிரசாந்தியின் தகப்பன் இராசநாயகம் இறந்த ஒன்பதாம் நாள், கனடாவிலிருந்து பெரியப்பா தில்லைநாதன் அழைப்பெடுத்தார். அம்மா செல்வநாயகி தொலைபேசியை வழக்கம்போல வலது காதில் வைத்து, "ஓம் பெரியத்தான், ஓம்" என்று நாலைந்து தரம் சொல்லிவிட்டு மகளிடம் நீட்டினாள்.

"பிள்ளை, முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலரிலை ஒரு பக்கம் இங்கிலிசிலை வேணும்," என்றார் பெரியப்பா. "எங்கடை பேரப்பிள்ளையளுக்குத் தமிழிலை ஒரு எழுத்துத் தெரியாது. சின்னத் தாத்தா எப்பிடிப்பட்ட மனிசன் எண்டு அதுகள் அறியவேணும். நீதானே கம்பஸிலை இங்கிலிசு படிக்கிறாய். வேறை ஆரைக் கேக்கிறது?"

"எழுதுறன் பெரியப்பா."

"நல்ல பெரிய சொல்லாப் போட்டு எழுது. அவன்ரை தரத்துக்கு."

அவர்களுடைய ஊரான பண்டத்தரிப்பில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கையில் ஒரு நினைவு மலர் கொடுத்தனுப்ப வேண்டும். முன்னட்டையில் பொட்டு வைத்த படம், உள்ளே வம்சாவளி, பதிகங்கள், உறவினர்கள் எழுதிய இரங்கல்கள், கடைசியில் நன்றி. வாங்குகிறவர்கள் வம்சாவளியில் தங்கள் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அது சாமியறை அலுமாரிக்குப் போய்விடும். மறுபடி எவரும் திறப்பதில்லை, எறிவதுமில்லை.

அப்பாவைப் பற்றிய தமிழ்ப் பக்கங்களை ஊர்ச் சனசமூக நிலையத்துத் தலைவரும் அம்மாவின் அண்ணனும் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பண்பாளர். பாசமிகு குடும்பத் தலைவர். அதிர்ந்து பேசாதவர். பிரசாந்தி அந்தத் தாள்களை வாசித்து, மடித்து, திரும்ப மேசையில் வைத்தாள்.

பதினைந்தாம் நாள் அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குத் திரும்பினாள். பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், ஜெயனியோடு ஒரு அறையில் தங்கிப் படித்தாள். இருவரும் மூன்றாம் வருடம், ஆங்கிலச் சிறப்புப் பட்டம். வகுப்பில் பதினொரு பேர். ஒன்பது பேர் மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்கள். பிரசாந்தியின் ஆங்கிலம் ரியூசனில் பொறுக்கிச் சேர்த்தது. அதில் பிழை இருக்காது. ஆனால் அதில் வேறொன்றும் இருக்காது என்பதுதான் 'எழுத்தும் சொல்வன்மையும்' என்ற பாடத்தைக் கற்பித்த நதானியேல் சேரின் முறைப்பாடு.

"உம்மடை வசனங்கள் எல்லாம் யூனிபோர்ம் போட்டுக்கொண்டு வரிசையிலை நிக்குது பிரசாந்தி," என்று ஒருநாள் வகுப்பில் வைத்தே சொன்னார். "ஒண்டாவது வீட்டு உடுப்போடை வரட்டுமேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அறைக்கு வந்த பிறகும் ஜெயனி விடவில்லை. "உன்ரை இங்கிலிஷ் காலமை எழும்பித் தலைமுழுகி, விபூதியும் பூசிக்கொண்டெல்லோ வருது. அதைக் கொஞ்சம் படுக்கையிலை கிடக்க விடடி."

பிரசாந்தியும் சிரித்தாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். மூன்று வருடமாக அவள் எடுத்த புள்ளிகள் எல்லாம் பி-க்கும் சி-க்கும் இடையில் கிடந்தன. நன்றாகப் படிக்கிறவள் என்ற ஒன்றைத் தவிர ஊரில் அவளுக்கு வேறு பெயர் இருந்ததில்லை. அந்தப் பெயரும் இங்கே வந்ததும் செல்லாமல் போயிற்று.

சேர் கொடுத்திருந்த கட்டுரை இன்னும் எழுதப்படாமல் இருந்தது. அப்பாவின் சாவுக்காக அவளுக்கு மட்டும் இரண்டு கிழமை அதிகம் கொடுத்திருந்தார். கேட்க விரும்பாத ஒருவரைக் கேட்கவைக்கும்படி சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு கட்டுரை. எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் குறிக்க வேண்டும். யாருக்கு எழுதுகிறீர்? அவர் எதை நம்ப மறுக்கிறார்? இதைச் சொல்ல நீர் யார்?

முதலாவது கேள்விக்கு அவள் யோசிக்கவே இல்லை. 'பெரியப்பாவுக்கு' என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் இரண்டு வேலையும் ஒரே வேலை என்பது அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவதற்கும் பதில் உடனே வந்தது. மூன்றாவதற்கு, 'நான் பார்த்தவள்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்த மாதம். அப்பா சாப்பிட இருந்தார். சோற்றில் கல் கடிபட்டது. அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளவில்லை, கத்தவுமில்லை. வாயிலிருந்த கல்லை எடுத்துக் கோப்பையின் விளிம்பில் வைத்தார். எழுந்து, கை கழுவி, துவாயில் துடைத்து, பிறகு அம்மாவுக்கு அடித்தார். இடது பக்கம், திறந்த கையால், ஒருதரம். அது முதல் அடியல்ல. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவின் இடது காது கேட்கவில்லை.

அம்மா பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு சாவகச்சேரியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். பதினொரு நாள் அங்கே இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் கனடாவிலிருந்து பெரியப்பா அழைப்பெடுத்தார். "குடும்பமெண்டால் முன்னைப் பின்னை இருக்குந்தான் பிள்ளை. அவன் வெய்யிலுக்கை நிண்டு வேலை செய்யிறவன். கொஞ்சம் பொறுத்துப் போ." அம்மா அன்று பின்னேரமே பஸ் ஏறினாள். காதில் சீழ் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குளிக்கையில் தண்ணீர் போனது என்று டொக்டருக்குச் சொன்னாள்.

இதையெல்லாம் பிரசாந்தி இரண்டு நாளில் எழுதினாள். 'என் அம்மா உலகத்தை வலது பக்கத்தால் மட்டும் கேட்கிறாள்' என்பது முதல் வசனம். அதை எழுதியதும் கை குளிர்ந்தது. பிறகு அது வளர வளர வேறொரு சூடு பிடித்தது. சோற்றில் கிடந்த கல்லை ஆரம்பத்திலிருந்து தூக்கிக் கடைசிக்குக் கொண்டுபோனாள். டொக்டரிடம் சொன்ன பொய்யை ஒரு தனி வரியாக நிறுத்தினாள். அடி விழுகிற இடம் வெறுமையாக இருப்பதாகப் பட்டது. அங்கே மழையை வைத்தாள். ஓட்டின்மேல் மழை. அடியின் சத்தத்தை மழை மூடிவிட, அயலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு மழை பெய்ததா என்று அவள் தன்னைக் கேட்கவில்லை. வசனம் பெய்தது என்று சொன்னது.

ஒன்றை விட்டுவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஐந்து வருடம், கிழமையில் மூன்று நாள், பியாட்றிஸ் ரீச்சர் வீட்டு ஆங்கில வகுப்புக்கு அப்பாதான் அவளைச் சைக்கிளில் ஏற்றிப் போனார். வகுப்பு முடியும்வரை வெளியே மதிலோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரீச்சர் உள்ளே வந்து இருக்கச் சொன்னாலும் வரமாட்டார். கட்டுரையில் அதற்கு இடமில்லை. அதை வைத்தால் வாசிக்கிறவர் அப்பாவின் பக்கம் சாய்ந்துவிடுவார்.

கட்டுரையைக் கொடுத்த நாலாம் நாள் நதானியேல் சேர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டுரையின் மேல் மூலையில் 'ஏ' என்று இருந்தது.

"இப்பதான் நீர் எழுதத் தொடங்கியிருக்கிறீர்," என்றார். "அந்த மழை இருக்குதே, அதுதான் என்னைப் பிடிச்சது. துறையின்ரை ஆண்டு மலரிலை இதைப் போட ஆசைப்படுறன். யோசிச்சு எழுதியனுப்பும். கட்டாயமில்லை."

அவள் தலையாட்டினாள். படியிறங்கும்போது கால் தரையில் படவில்லை. அப்பா செத்து இருபத்தைந்து நாளாகவில்லை. அவளுக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக ஒருநாளும் இருந்ததில்லை. சந்திவரை நடந்துதான் அது அவளுக்கு வெட்கமாகப் பட்டது. வெட்கப்பட்டபடியே கடையில் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்று பின்னேரமே கட்டுரையை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, மலர் அடிக்கும் அச்சகத்தில் கொடுத்தாள். வீட்டில் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சாவகச்சேரியில் கடை வைத்திருக்கும், கூடப்பிறந்த நிருஷன் அண்ணைக்குப் பெயர்ப்பலகை வாசிக்கிற அளவுக்குத்தான் தெரியும். விருந்துக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுப் புரட்டிவிடுவார்கள். கனடாவில் மட்டும் அது திறக்கும். பொறுத்துப் போகச் சொன்ன மனிதர், தன் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் இருந்து அதை வாசிப்பார். அம்மா பத்திரமாக இருப்பாள். பிரசாந்தி அப்படித்தான் நினைத்தாள்.

முப்பத்தோராம் நாள் நிருஷன் அண்ணை கீரிமலையில் கிரியை முடித்துத் திரும்பும்போதே புத்தகப் பொதியையும் கொண்டுவந்தான். முற்றத்துப் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரசாந்தி பொதியின் கயிற்றை வெட்டி, மேலே கிடந்த மலரை எடுத்து, ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தாள்.

'அமைதியான அர்ப்பணிப்பின் வாழ்வு' என்பது தலைப்பு. வலிகாமத்தின் செம்மண்ணை நேசித்த மனிதர். அண்ணனின் சொல்லைத் தட்டாத தம்பி. அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. துணைவியாரைக் கண்ணின் மணிபோல் காத்தார். கீழே தடித்த எழுத்தில் அவளுடைய பெயர், அதன் கீழே 'ஆங்கிலச் சிறப்புக் கலை மாணவி'.

அவள் எழுதிய வசனம் ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் அந்த ஆங்கிலத்தை அவளுக்குத் தெரியும். அந்த ஆங்கிலத்தில்தான் அவள் எழுதப் பழகியிருந்தாள்.

பியாட்றிஸ் ரீச்சர் பந்தலின் ஓரத்தில், வெள்ளைச் சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

"ரீச்சர், இது நீங்கள் எழுதினதே?"

"ஓம் பிள்ளை." ரீச்சர் தயங்கவில்லை. "அச்சகத்திலையிருந்து பிழை பாக்கச் சொல்லி வந்த தாளைக் கொண்ணை நிருஷன் கொண்டந்து வீட்டை குடுத்திருக்கிறான். உம்மடை அம்மா அதை என்னட்டைக் கொண்டுவந்தவ. 'பிள்ளை எழுதினது, கனடாவிலை பாப்பினம், ஒரு பிழையும் வந்திடக்கூடாது, ஒருக்கால் பாருங்கோ ரீச்சர்' எண்டு."

"பாத்தனீங்களே?"

"பாத்தனான். பிழை ஒண்டுமில்லை." ரீச்சர் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார். "நான் வாசிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்தன். அம்மா என்ரை முகத்தைப் பாத்திட்டா. என்ன எழுதியிருக்கு, தமிழிலை சொல்லுங்கோ எண்டு கேட்டா. நான் மாட்டன் எண்டன். விடேல்லை. வலது பக்கமா வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திட்டா. நான் என்ன செய்ய? எல்லாம் சொன்னன்."

"பிறகு?"

"பிறகு, வேறை எழுதித் தாங்கோ எண்டா. எழுதிக் குடுத்தன். உம்மளோடை கதைச்சதெண்டுதான் நான் நினைச்சன்." ரீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீர் எழுதினது நல்ல எழுத்து பிள்ளை. நான் படிப்பிச்சதிலை ஒருத்தரும் அப்பிடி எழுதேல்லை."

அந்தப் பாராட்டை எங்கே வைப்பதென்று பிரசாந்திக்குத் தெரியவில்லை. அவள் குசினிக்குப் போனாள்.

அம்மா பாயாசத்தைச் சின்னக் கிடாரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை அவளுக்கு இன்னும் பழகியிருக்கவில்லை. தலைப்பு அடிக்கடி சரிந்தது. பிரசாந்தி வலது பக்கமாகப் போய் நின்றாள்.

"அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எனக்குச் சொன்னனியே?"

அம்மா அகப்பையை நிறுத்தவில்லை.

"உண்மையைத்தானே எழுதினன்."

"உண்மை எனக்குத் தெரியாதே? அந்த வீட்டிலை இருந்தவள் நான்."

"பெரியப்பாவுக்குத் தெரியவேணுமெண்டுதான் எழுதினன். அவர்தானே உங்களைத் திருப்பி அனுப்பினவர்."

"அவருக்கும் தெரியும்." அம்மா கிடாரத்தை மூடினாள். "எல்லாருக்கும் தெரியும் பிரசாந்தி. தெரிஞ்சுகொண்டுதான் தெரியாத மாதிரி இருக்கினம். அது எனக்கு அவையள் தந்த மரியாதை. வேறை ஒண்டும் தரேல்லை, அதையாவது தந்தவை. நீ அதையும் பறிச்சு எல்லாற்றை கையிலையும் குடுக்கப் பாத்தாய்."

"இங்கிலிசிலைதானே..."

"இங்கிலிசெண்டால்? எனக்கு விளங்காதெண்டு சொல்லு. எனக்கு விளங்காத பாசையிலை என்னைப் பற்றி எழுதுவியோ? நான் டொக்டருக்கே சொல்லேல்லை. கொப்பர் சாகக் கிடக்கேக்கை அவருக்கும் சொல்லிக் காட்டேல்லை. இது என்ரை காது. என்னட்டை ஒருக்கால் கேட்டனியே?"

இதைச் சொல்ல நீர் யார் என்ற சேரின் கேள்விக்குப் பிரசாந்தி ஒரு வரியில் கடந்துபோன பதில், இப்போது அடுப்படியில் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றது.

"கம்பஸிலையும் குடுத்தனியோ?"

அவள் தலையாட்டினாள்.

"எத்தினை மார்க்ஸ் தந்தவை?"

"ஏ."

"ம்." அம்மா கையைத் துடைத்தாள். "பிறகென்ன."

வாசலை நோக்கி இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்டைக்கு மழையெண்டு எழுதியிருக்கிறாயாம். ரீச்சர் சொன்னா. அண்டைக்கு எங்கை மழை? முத்தம் முழுக்க வெங்காயம் காயப் போட்டிருந்தது. அப்பிடியொரு வெய்யில். அடி விழுந்த சத்தம் றோட்டாலை போனவைக்கும் கேட்டது."

வெளியே நிருஷன் அண்ணை கூப்பிட்டான். கனடாவிலிருந்து பெரியப்பா திரையில் வந்திருந்தார். பின்னால் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மலரின் படங்களை அண்ணை காலையிலேயே அவருக்கு அனுப்பியிருந்தான்.

"இங்கிலிசுப் பக்கம் பாத்தன் பிள்ளை," என்றார் பெரியப்பா. குரல் ஏற்கெனவே தளும்பியிருந்தது. "என்ன மாதிரி எழுதியிருக்கிறாய்! நீயே எல்லாருக்கும் கேக்க வாசி. எங்கடை பிள்ளையள் உன்ரை வாயாலை கேக்கட்டும்."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணை தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் 'வாசி' என்றான். பிரசாந்தி அம்மாவைத் தேடினாள். அம்மா பாயாசக் கிடாரத்தோடு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். முகம் பந்தலைப் பார்த்திருந்தது. இடது காது மகளின் பக்கம் இருந்தது.

இப்போது மாட்டேன் என்று சொல்லலாம். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லலாம். அவள் மலரைத் திறந்து வாசிக்கத் தொடங்கினாள்.

எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைத் தாழ்த்த வேண்டும், எப்போது நிமிர்ந்து கேட்கிறவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருடம் படித்தது எல்லாம் கேளாமலே வந்தது. 'அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை' என்ற இடத்தில் அளவாக நிறுத்தினாள். திரைக்குள் ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்தாள். துணைவியார், கண்ணின் மணி எல்லாம் வாசித்தாள். குரல் நடுங்கவேயில்லை.

கடைசிக்கு முந்தைய வசனத்தை அவள் முன்னதாகக் கவனித்திருக்கவில்லை. மகளின் கல்விக்காக ஐந்து வருடம் அவர் ஒரு மதிலோரம் சைக்கிளோடு காத்து நின்றார். ஒருநாளும் நிழலுக்கு வந்ததில்லை.

ரீச்சர் தன் யன்னலால் கண்டது அது. அந்தப் பக்கத்தில் இருந்த ஒரேயொரு உண்மை. அதைத்தான் தன் கட்டுரையில் வைக்காமல் விட்டிருந்தாள். சைக்கிளின் பின்பக்கம் இருந்து அவள் பிடித்துக்கொள்ளும் அப்பாவின் சேட்டின் வியர்வை மணம் மூக்கில் அடித்தது. அம்மாவுக்கு அடித்த அதே கைதான் சைக்கிள் பிறேக்கையும் பிடித்தது. குரல் உடைந்தது. அவள் உடைக்கவில்லை.

திரையில் பெரியப்பா வாய்விட்டு அழுதார். "என்ரை தம்பி... என்ரை தம்பியை நீ உயிரோடை கொண்டந்திட்டாய் பிள்ளை. இதை பிறேம் போட்டு இஞ்சை ஹோலிலை மாட்டப்போறன்." பந்தலிலும் சிலர் மூக்கைச் சிந்தினார்கள். அம்மா பாயாசம் ஊற்றப் போனாள்.

சாப்பிட்டு எழுந்தவர்களுக்கு மலர் கொடுப்பது மகளின் வேலை. பிரசாந்தி வாசலில் தட்டத்தோடு நின்றாள். வாங்கிய எல்லோரும் வம்சாவளியில் தங்கள் பெயரைப் பார்த்தார்கள். சிலர் ஆங்கிலப் பக்கத்தையும் தடவிப் பார்த்து, "நீ எழுதினதே? கெட்டிக்காரி," என்றார்கள். முந்நூறு பிரதி. அவளுடைய பெயரோடு அச்சில் வந்த முதல் எழுத்து அது.

கூட்டம் குறைந்ததும் கிணற்றடிப் பக்கம் போனாள். தொலைபேசியை எடுத்து, நதானியேல் சேருக்கு, 'கட்டுரையை ஆண்டு மலரில் போட வேண்டாம்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினாள். காரணம் எழுதவில்லை. கட்டாயமில்லை என்று சொன்னவர் காரணம் கேட்கமாட்டார். ஆனால் 'ஏ' அப்படியே இருக்கும். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை; திருப்பிக் கொடுக்க விருப்பமுமில்லை என்பதை அவள் கிணற்றுக் கட்டில் இருந்தபடி பார்த்தாள். அதைப் பார்ப்பதும் ஒரு பெருமைபோல இருந்தது. அதையும் பார்த்தாள்.

பிறகு, ஏன் என்று தெரியாமலே, அந்தக் கட்டுரையைத் திறந்தாள். மழையை அழித்தாள். அந்த இடத்தில் முற்றம் முழுக்கச் சிவந்து காய்கிற வெங்காயத்தை வைத்தாள். வெய்யிலை வைத்தாள். றோட்டால் போகிறவர் ஒருவர் சத்தம் கேட்டு, ஒரு கணம் நின்று, பிறகு நடந்தார்.

திரும்ப வாசித்தாள். மழையை விட இது நன்றாக இருந்தது. அப்படித் தெரிந்த கண்ணைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. இதை வாசிக்க இனி ஒருவரும் இல்லை. அவள் அடுத்த வசனத்துக்குப் போய், அதில் ஒரு சொல்லை மாற்றினாள்.

"பிரசாந்தி, தட்டத்தை எங்கை வைச்சிட்டுப் போனனி?" என்று குசினிக்குள் இருந்து அம்மா கூப்பிட்டாள். "இன்னும் ஆக்கள் வருகினம்."

"வாறன்," என்றாள் பிரசாந்தி. அம்மாவுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, எழுந்து, இன்னும் பலமாகச் சொன்னாள்.